தொட்டியிலே நம் கீரை

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் புலவர் பெருமக்கள் குறளைப் பற்றியும் சிலம்பைப் பற்றியும் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். யாம் புலவர் அல்லேம். மெட்ரிகுலேஷன் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே சரக்கு அலுவலகத்தில் ரசீதும் கணக்கும் எழுதிவரும் எளிய எழுத்தர். "நீங்களும் ஒரு பொருள் பற்றிப் பேசவேண்டும்" என்று செயலாளர் அவர்கள் அன்புடன் பணித்தபோது, எமக்குப் பழகிய பொருளைப் பற்றியன்றி வேறொன்றைப் பற்றிப் பேசுதல் தகாது என்று கருதினோம். ஆதலின் இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் கீரை. அதிலும் குறிப்பாக, தொட்டியிலும் வாளியிலும் விதைத்த கீரை முளைத்து, நான்கு இலை விட்டு, அதன்பின் வளராமல் அப்படியே நின்றுவிடுகின்றதே, அதற்குக் காரணம் யாது, பரிகாரம் யாது என்பதே நம் ஆராய்ச்சி.

இதனைச் சிறு பொருள் என்று எவரும் எண்ண வேண்டா. நம் நாட்டில் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்களாகக் காணப்பட்டனர். இரத்தசோகைக்கு மருத்துவம் வேண்டும். கீரை மட்டும் அதனை நீக்கிவிடாது. கீரையிலுள்ள இரும்புச்சத்தில் ஒரு சிறு பகுதியே உடலில் சேரும் என்று அறிஞர் கூறுவர். ஆயினும் நாள்தோறும் இலைக்கறி உண்பது கண்ணுக்கும் குடலுக்கும் நலம் என்பதிலும், இறக்கி வைத்த கீரையில் எலுமிச்சம்பழச் சாறு பிழிந்தால் இரும்புச்சத்து நன்கு சேரும் என்பதிலும் ஐயமில்லை. உணவாராய்ச்சிக்கென இன்று ஐதராபாத்தில் விளங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918ஆம் ஆண்டில் நம் குன்னூரிலேயே சிறு ஆய்வுக்கூடமாகத் தோன்றி, 1958இல் ஐதராபாத்திற்குப் பெயர்ந்தது என்பதை இளைஞர்கள் அறிந்துகொள்ளல் நலம். நம்மைப் போலவே அதுவும் ஊர் பெயர்ந்து வளர்ந்த ஒன்றுதான்!

இவ்வூர் மண்ணின் மேல் ஒரு பழி

நம் குடியிருப்பில் பலகாலமாக ஒரு பேச்சு வழங்கி வருகின்றது. "நாகபுரி மண்ணில் நம் கீரை வராது" என்பதே அது. திருநெல்வேலியிலிருந்தும் திருச்சியிலிருந்தும் தாய்மார்கள் விதையைக் காகிதத்தில் மடித்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இரயிலில் கொண்டுவருகிறார்கள். ஆசையோடு விதைக்கிறார்கள். அது ஒரு சாண் உயரத்தில் நின்றுவிடுகின்றது. மறு ஆண்டும் அவ்வாறே. மூன்றாம் ஆண்டு தொட்டி கவிழ்த்து வைக்கப்பட்டு, அதன்மேல் துடைப்பம் சாத்தப்படுகின்றது. ஓர் அன்பர் வீட்டில், ஊர்ச் செம்மண்ணையே ஒரு சாக்கில் கட்டி இருக்கைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்ததும் உண்டு. அம்மண்ணிலும் கீரை ஒரு சாணில் நின்றது. அப்போது, "மண் சரிதான், இவ்வூர்த் தண்ணீர்தான் ஆகாது" என்று பழி தண்ணீரின்மேல் சென்றது.

அன்பர்களே, இப்பழி நியாயமா என்று சற்றே ஆராய்வோம். இங்குள்ள மராத்தியத் தாய்மார்கள் சந்தையில் வாங்கும் 'அம்பாடி' நம் புளிச்சக்கீரையே. அவர்கள் 'மாட்' என்று சொல்வது நம் தண்டுக்கீரை இனமே. 'மாயாளு' நம் கொடிப்பசலை. 'சாக்வத்' நம் சக்கரவர்த்திக்கீரை. 'சேவ்கா' நம் முருங்கை. இவை யாவும் இவ்வூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் விளைந்து வருபவை. நம் கீரை நமக்கு முன்னரே இங்கு வந்து, வேறு பெயர் பூண்டு, செழித்து வாழ்கின்றது. எனவே குற்றம் ஊரின்மேல் இல்லை. ஊரின் இயல்பை அறிந்து விதைக்கும் முறையே நமக்குத் தேவை.

நின்றிருக்கும் வண்டி

ஒரு வண்டி நிலையத்துக்கு வெளியே நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினில் பழுதில்லை, மின்சாரம் இருக்கின்றது, ஓட்டுநர் இருக்கிறார், தண்டவாளமும் சீராக உள்ளது. ஒரே ஒரு கைகாட்டி சிவப்பாக இருக்கின்றது. அந்நிலையில் இன்னும் இரண்டு எஞ்சின்களைக் கொணர்ந்து பூட்டினால் வண்டி நகருமா? நகராது. கைகாட்டி மாறினால் அன்றி அது அசையாது.

செடியின் வளர்ச்சியும் இத்தகையதே. 19ஆம் நூற்றாண்டில் செருமானிய நாட்டில் கார்ல் ஸ்பிரெங்கல் என்னும் அறிஞர் கூறி, யுஸ்டஸ் லீபிக் என்னும் வேதியியலார் உலகெங்கும் பரப்பிய விதியொன்று உண்டு. செடிக்கு வேண்டியவற்றுள் எது மிகக் குறைவாக உள்ளதோ, அதுவே வளர்ச்சியின் அளவைத் தீர்மானிக்கும். ஏனையவை எவ்வளவு மிகுந்திருந்தாலும் பயனில்லை என்பது அவ்விதி. வெயில் போதாமல் நிற்கும் செடிக்கு உரம் இடுவதும், வேர் அழுகி நிற்கும் செடிக்கு நீர் வார்ப்பதும், குளிரில் ஒடுங்கி நிற்கும் செடிக்குப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றுவதும், சிவப்புக் கைகாட்டியின் முன் இரண்டாம் எஞ்சினைப் பூட்டுவது போலாகும். ஆதலின் நின்றுபோன கீரையைக் கண்டதும் கையை உரச் சட்டிக்குக் கொண்டுசெல்லாமல், "எந்தக் கைகாட்டி சிவப்பு?" என்று வினவுதலே அறிவுடைமை.

காலம்

முதலில் பார்க்க வேண்டியது நாட்காட்டி. நம் ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி தண்டுக்கீரையும் சிறுகீரையும் அரைக்கீரையும் விதைக்கலாம். அப்பழக்கத்தை அப்படியே இங்குக் கொண்டுவருவதால்தான் பெரும்பாலான தொட்டிகள் ஏமாற்றுகின்றன. நாகபுரியில் மார்கழி, தை மாத இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரி அளவிற்கு இறங்கிவிடுகின்றது. சில இரவுகளில் அதற்கும் கீழே செல்கின்றது. தண்டுக்கீரை இனமோ வெப்பத்தை விரும்புவது. இரவு 15 டிகிரிக்குக் கீழே போனால் அதன் வளர்ச்சி மிகவும் தளர்ந்துவிடும்.

இன்னுமொரு நுட்பம் உண்டு. சென்னையை விட நாகபுரி வடக்கே இருப்பதால், மார்கழி மாதத்தில் இங்குப் பகற்பொழுது ஏறத்தாழ அரைமணி நேரம் குறைவு. தண்டுக்கீரை இனத்துள் பல வகைகள் பகல் சுருங்கியதும் விரைந்து பூக்கும் இயல்புடையவை. தீபாவளி விடுமுறையில் ஊருக்குச் சென்று திரும்பி, புது விதையை ஆசையோடு ஐப்பசி இறுதியில் விதைக்கிறோம். குளிர் ஒருபுறம், குறும்பகல் ஒருபுறம். செடி ஒரு சாணில் நின்று, உச்சியில் பூங்கதிர் காட்டிவிடுகின்றது. ஊர்ச் செம்மண் சாக்கும் இதனாலேயே பயன்படாது போயிற்று. மண்ணை மாற்றலாம், மார்கழியை மாற்ற இயலுமா?

ஆகவே இவ்வூருக்குரிய கீரைப் பஞ்சாங்கம் இதுவெனக் கொள்ளலாம். மாசி நடுவிலிருந்து பங்குனி முடிய, தண்டுக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை. சித்திரை, வைகாசியில் வெயில் 42, 43 டிகிரி வரை வழக்கமாகவும், சில நாள் 45ஐத் தாண்டியும் காயும். அக்காலத்தில் நிழல் வலையின் கீழ்க் கொடிப்பசலையைக் காப்பாற்றினால் போதும், புதிதாக விதைக்க வேண்டா. ஆனி நடுவில் மழை பிடித்தபின் புரட்டாசி வரை மீண்டும் தண்டுக்கீரை இனங்கள், புளிச்சக்கீரை, கொடிப்பசலை. ஐப்பசி முதல் தை வரை பாலக்கு, வெந்தயக்கீரை, கொத்தமல்லி. இக்குளிர்காலக் கீரைகள் இங்கு வளரும் செழிப்பை நம் ஊரில் சமவெளியில் எளிதிற் காண இயலாது. ஓர் ஊர் ஒன்றைத் தர மறுக்கும் மாதத்தில் வேறொன்றை வாரி வழங்குகின்றது. அதனைப் பெற்றுக்கொள்ள நம் கை நீளவேண்டும்.

தொட்டியும் மண்ணும்

இரண்டாவது, வேர் வாழும் இடம். சிறுகீரைக்கும் வெந்தயக்கீரைக்கும் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் போதும். தண்டுக்கீரைக்கு 25 அல்லது 30 சென்டிமீட்டர் வேண்டும். அகன்ற மண்சட்டி, பழைய பெயிண்ட் வாளி, சிமென்டுத் தொட்டி எதுவாயினும் ஆகும். பூச்சிமருந்தும் அமிலமும் இருந்த கலங்கள் மட்டும் ஆகா. அடியில் விரல் நுழையும் அளவில் நான்கு அல்லது ஐந்து துளைகள் கட்டாயம் வேண்டும். துளையின்மேல் ஓட்டுச்சில்லோ கொசுவலைத் துண்டோ வைத்தால் போதும். அடியில் ஒரு சாண் அளவு சல்லிக் கற்களைப் பரப்பும் வழக்கம் பலரிடம் உள்ளது. அதனால் நீர் நன்கு வடியும் என்பது தவறான நம்பிக்கை. மண்ணும் கல்லும் சந்திக்கும் இடத்தில் நீர் தேங்கி, ஈரம் வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடுகின்றது. தொட்டியின் ஆழமும் வீணாகின்றது.

இனி மண். இவ்வட்டாரத்து மண் கரிசல். எரிமலைக் குழம்பு இறுகிய கருங்கல் சிதைந்து உண்டானது. வயலில் அது பொன் விளையும் மண்; பருத்திக்கும் ஆரஞ்சுக்கும் தாய். ஆனால் தொட்டியில் தனியாக இட்டால், நனைந்தபோது பசைபோல் வீங்கித் துளையை அடைக்கும். காய்ந்தபோது வெடித்துச் சிறு வேர்களை அறுக்கும். நனைந்தால் மூச்சுத்திணறல், காய்ந்தால் வேரறுப்பு என்றால் செடி எங்ஙனம் வளரும்? ஆகவே கரிசல் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு என்று கலத்தல் வேண்டும். தென்னை நார்க்கழிவு கிடைப்பின் மணலில் பாதிக்கு அதனைச் சேர்க்கலாம். அதில் உப்பு இருக்கக்கூடும். ஆதலின் இருமுறை நீரில் ஊறவைத்துப் பிழிந்து சேர்த்தல் நலம். கலவை சரிதானா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. ஈரக் கலவையை உள்ளங்கையில் இறுகப் பிடித்து, விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் கொழுக்கட்டையாகவே நின்றால் இன்னும் மணல் சேர்க்க வேண்டும்.

உரம் மக்கியிருத்தல் இன்றியமையாதது. பச்சைச் சாணமும், காய்கறித் தோலும், மரத்தூளும் மண்ணுக்குள் மக்கும்போது, அங்குள்ள நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும். உரமிட்டும் செடி வெளுத்து நிற்பதன் மருமம் பலவேளைகளில் இதுவே. மக்கிய உரத்திற்கு மழைபெய்த மண்ணின் மணமே இருக்கும். நாற்றமும் சூடும் இரா.

விதையும் நெருக்கமும்

தண்டுக்கீரை விதை கடுகினும் சிறியது. ஒரு கிராமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விதைகள் இருக்கும். கைநிறைய அள்ளித் தூவினால் ஒரு தொட்டியில் ஓர் ஊரே முளைக்கும். அவை ஒன்றோடொன்று வெயிலுக்கும் நீருக்கும் போராடி, ஒன்றும் வளராமல் நூல்போல் நிற்கும். விதையைப் பத்து மடங்கு நுண்மணலுடன் கலந்து தூவி, மேலே அரை சென்டிமீட்டர் அளவு மெல்லிய மண் போர்த்துக. எறும்பு விதையைச் சுமந்து செல்லாதிருக்கத் தொட்டியின் ஓரத்தில் சிறிது அரிசி மாவைத் தூவும் நம் பாட்டிமார் வழக்கம் இங்கும் உதவும். மாவு கிடைத்தால் எறும்பு விதையை நாடாது. முளைத்த பத்தாம் நாள் களைந்து, சிறுகீரைக்கு மூன்று விரற்கடை, தண்டுக்கீரைக்கு ஒரு சாண் இடைவெளி விடுக. களைய மனம் வரவில்லை என்று தாய்மார்கள் சொல்வதுண்டு. களைந்த பிஞ்சைக் கூட்டில் போட்டுவிட்டால் மனம் ஆறிவிடும்!

செடி சொல்லும் செய்தி

காலமும் தொட்டியும் மண்ணும் இடைவெளியும் சரியாக இருந்தும் செடி நின்றால், செடியையே கேட்க வேண்டும். அது வாயால் சொல்லாததை இலையால் சொல்லும்.

தண்டு மெலிந்து நீண்டு, ஒருபக்கமாய்ச் சாய்ந்து, இலைக்கும் இலைக்கும் இடையே தூரம் மிகுந்திருந்தால், அது வெயில் கேட்கின்றது. நாளொன்றுக்கு நான்கு அல்லது ஐந்து மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். மாடிக் குடியிருப்பில் வடக்கு நோக்கிய தாழ்வாரம் உள்ளோர் தண்டுக்கீரையை விட்டு, சற்றுக் குறைந்த ஒளியையும் பொறுக்கும் பாலக்கு, கொத்தமல்லி ஆகியவற்றை முயலலாம். அல்லது காலையில் தொட்டியைக் கிழக்குப் படிக்கட்டுக்கு நகர்த்தலாம்.

நண்பகலில் இலை துவண்டு, தொட்டி மண்ணோ ஈரமாகவே இருந்தால், வேர் மூச்சின்றித் தவிக்கின்றது என்று பொருள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் நுழைத்துப் பாருங்கள். சேறாக இருந்து புளித்த வாடை வீசினால், நீரை நிறுத்தி, துளையைக் குச்சியால் திறந்துவிடுங்கள். ஐயம் தீரவில்லையாயின் ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் வெண்மையாய் உறுதியாய் இருப்பின் நலம். பழுப்பாய்க் குழைந்திருப்பின் அத்தொட்டியைக் கலைத்துப் புதுக்கலவையில் விதைத்தலே சிறப்பு. ஒரு செடியை இழந்து ஒரு தொட்டியின் நோயை அறிவது நட்டமன்று.

கீழே உள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளாகி, செடி முழுதும் வெளிறியிருந்தால், அது தழைச்சத்துக் குறை. கடலைப் புண்ணாக்கு 100 கிராமை ஒரு லிட்டர் நீரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிவைப் பத்து மடங்கு நீர் கலந்து, பத்து நாட்களுக்கு ஒருமுறை வேரில் ஊற்றுக. இது பருத்தி நாடு. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு மாட்டுத்தீவனக் கடைகளில் எளிதில் கிடைக்கும், அதுவும் ஆகும்.

இதற்கு மாறாக, உச்சியில் புதிதாய்த் தோன்றும் இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாய் நின்றால், அது இரும்புச்சத்துக் குறை. இவ்வூரில் இதனைச் சிறப்பாக நினைவிற் கொள்க. கரிசலில் சுண்ணாம்பு மிகுதி. மண்ணில் இரும்பு இருந்தும், சுண்ணாம்பு அதனைக் கரையவிடாமல் பூட்டி வைக்கின்றது. நாகபுரி ஆரஞ்சு மரங்களுக்கும் இக்குறை நேர்வதை உழவர் நன்கறிவர். நம் கடைகளில் அன்னபேதி என்று விற்கும் உப்பினை லிட்டருக்கு 5 கிராமும், எலுமிச்சை உப்பு 1 கிராமும் கரைத்து, மாலையில் இலைமேல் தெளிக்க வேண்டும். தெளித்த ஒரு வாரம் கழித்து, நன்கு கழுவியே கீரையை உண்ணுக. பழைய இலை மஞ்சளா, புதிய இலை மஞ்சளா என்னும் இவ்வொரு வேறுபாட்டை அறிந்தாலே பாதி மருத்துவம் அறிந்தவராவோம்.

இலை சுருண்டு, அடியில் பசைபோல் பிசுபிசுத்தால் அசுவினியைத் தேடுக. வேப்பெண்ணெய் 5 மில்லிலிட்டரைச் சில சொட்டுச் சோப்புக் கரைசலுடன் ஒரு லிட்டர் நீரில் கலக்கி, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறத்தில் தெளித்தால் அடங்கும். வீட்டுக் கீரைக்குக் கடும் பூச்சிமருந்து வேண்டவே வேண்டா. அதனை உண்ணப்போவது நம் குழந்தைகளே.

நீரின் செய்தி

இலையின் ஓரம் மட்டும் தீய்ந்து, மண்ணின் மேலும் சட்டியின் விளிம்பிலும் வெள்ளைப்படலம் பூத்திருந்தால், அது உப்பு. "இவ்வூர்த் தண்ணீர்" என்று நாம் பழிக்கும் நீரினும் கொடிய இரண்டு நீர்களை நாமே நம் வீட்டில் உண்டாக்குகிறோம்.

ஒன்று, கோடையில் வீட்டுக்கு வீடு ஓடும் கூலரின் அடித்தொட்டி நீர். நாள் முழுதும் நீர் ஆவியாகிப் போக, உப்பு முழுவதும் அத்தொட்டியிலேயே தங்குகின்றது. கூலரைக் கழுவும் ஞாயிற்றுக்கிழமைகளில், வீணாக்கலாகாது என்னும் நல்லெண்ணத்தால் அந்நீரைத் தொட்டிகளுக்கு வார்க்கிறோம். மற்றொன்று, ஆர்.ஓ. குடிநீர்க் கருவி கழித்துவிடும் நீர். அதிலும் கரைந்த உப்பு, குழாய்நீரில் உள்ளதைவிட மிகுதி. இவ்விரண்டும் தரை கழுவ உதவும், கீரைக்கு ஆகா. அரிசி களைந்த நீரும் பருப்புக் கழுவிய நீரும் ஆகும். மழைக்காலத்தில் ஓட்டுநீரைப் பிடித்து வைத்தால் அதனினும் சிறந்ததில்லை. முன்னரே உப்புப் பூத்த தொட்டிக்கு, நல்ல நீரைத் தொட்டியின் கொள்ளளவில் இருமடங்கு மெதுவாக ஊற்றி அடியில் வழியவிட்டால், உப்புக் கரைந்து வெளியேறும்.

அறுவடையும் புதுப்பித்தலும்

அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல், அடியில் மூன்று விரற்கடை விட்டுக் கிள்ளினால், இரண்டு வாரத்தில் மீண்டும் தழைக்கும். ஒவ்வொரு கிள்ளலுக்குப் பின்னும் ஒரு கைப்பிடி மண்புழு உரம் இடுக. நான்கைந்து கிள்ளல்களுக்குப் பின் வளர்ச்சி தளர்ந்தால் அது நோயன்று, மண்ணின் களைப்பு. மண்ணைக் கொட்டி, வெயிலில் உலர்த்தி, மூன்றில் ஒரு பங்கு புது உரம் சேர்த்து, வேறு இனக் கீரையை விதைக்க வேண்டும். தண்டுக்கீரைக்குப் பின் வெந்தயக்கீரை சாலச் சிறந்தது. அது பயறு இனத்தைச் சார்ந்தது ஆதலின் மண்ணுக்குத் தீங்கு செய்யாது.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

அன்பர்களே, இவை யாவும் ஒரு வீட்டில் மட்டும் தெரிந்திருந்தால் போதாது. நம் குடியிருப்பில் ஆண்டுதோறும் சிலர் மாற்றலாகிச் செல்கின்றனர். சிலர் ஓய்வு பெற்று ஊர் திரும்புகின்றனர். புதிய குடும்பங்கள் வருகின்றன. செல்வோர் பத்தாண்டுப் பட்டறிவைத் தம்முடன் கொண்டுசென்றுவிடுகின்றனர். வருவோர், "இவ்வூர் மண்ணில் நம் கீரை வராது" என்னும் பழைய சொல்லையே முதலில் கேட்கின்றனர். அறிவு போய்விடுகின்றது, வதந்தி மட்டும் தங்கிவிடுகின்றது.

ஆதலின் மூன்று சிறு காரியங்களைச் சங்கம் மேற்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். முதலாவது, சங்க நூலகத்தின் அலமாரியில் ஒரு விதைப்பெட்டி. ஒவ்வொரு குடும்பமும் ஒரு தொட்டிச் செடியையேனும் பூத்து விதை முற்றவிட்டு, உலர்த்தி, கீரையின் பெயரும் ஊரும் மாதமும் எழுதிய உறையில் இட்டு வைக்கட்டும். இரண்டு மூன்று தலைமுறை இவ்வூரில் விளைந்த விதை, இவ்வூர் வெயிலையும் குளிரையும் தாங்கியதன் வழி வந்ததாகும். இரண்டாவது, ஒரு குறிப்பேடு. என்று விதைத்தோம், என்று முளைத்தது, என்று நின்றது, என்ன செய்தபின் மீண்டும் வளர்ந்தது என்று நான்கு வரி எழுதினால் போதும். மூன்றாவது, மண்ணைப் பற்றிய ஐயத்தை ஊகத்தால் தீர்க்காமல் சோதித்து அறிதல். இந்திய நாட்டின் மண் அளவாய்வுக்கான தேசிய நிறுவனத்தின் தலைமையகம் இந்நாகபுரியிலேயே உள்ளது. மண்ணறிவு இவ்வளவு அருகில் இருக்க, மண்ணைக் குறித்து வீண்பழி பேசுதல் நமக்கு அழகன்று. நம் இளைஞர்கள் ஒருநாள் சென்று, தொட்டி மண் சோதனைக்கு எங்கே கொடுக்கலாம் என்று கேட்டு வரலாகாதா?

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு சொல். உங்களுள் பலர் இவ்வூரிலேயே பிறந்தவர். அம்பாடி என்றால் தெரியும். புளிச்சக்கீரை என்றால் விழிக்கின்றீர். அதில் உங்கள் குற்றம் யாதுமில்லை. காட்டாத கீரையின் பெயரை எவ்வாறு அறிய முடியும்? ஆளுக்கொரு தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் தமிழில் ஒரு பெயர், மராத்தியில் ஒரு பெயர் எழுதி ஒட்டுங்கள். அண்டை வீட்டு மராத்திய நண்பனையும் அழைத்துக் காட்டுங்கள். இரண்டு பெயரையும் அறிந்த பிள்ளைக்கு எந்த ஊரும் அயலூர் ஆகாது.

முடிவாக ஒன்று கூறி அமைகிறோம். கீரை நின்றுவிட்டால் ஊரைப் பழிக்காதீர், விதையைப் பழிக்காதீர், கைராசி இல்லை என்று தாய்மார்கள் தம்மையும் நொந்துகொள்ளாதீர். நாட்காட்டியைப் பாருங்கள், வெயிலைப் பாருங்கள், விரலை மண்ணில் இட்டுப் பாருங்கள், பழைய இலையையும் புதிய இலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஊற்றும் நீர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். இவ்வைந்தனுள் ஒன்றில்தான் பெரும்பாலும் அந்தச் சிவப்புக் கைகாட்டி இருக்கும். அதை மாற்றிவிட்டால் வண்டி தானே நகரும். அடுத்த ஆனி மாத முதல் மழைக்குள் நம் குடியிருப்பில் கவிழ்ந்து கிடக்கும் தொட்டிகள் யாவும் நிமிரட்டும்.